இரண்டு விரல் மாவு

'டங்' என்று மாவு அளக்கிற இரும்பு வள்ளம் வந்து வாசற்கல்லில் விழுந்தது. உருண்டு போய்க் கோழிக்கூட்டில் முட்டி நின்றது. கூட்டுக்குள்ளிருந்த ஏழு கோழிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

பாவாயி களித் துடுப்பைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடி வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. வாசலில் வெள்ளையம்மாள் இடுப்பில் ஒரு மாவுப் பையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி அங்கப்பன், மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு.

"ஏனுங்க அக்கா, காலங்காத்தால உங்க ஊட்டு வள்ளத்த எங்க ஊட்டு வாசல்ல உருட்டறீங்க?"

"அளந்து காட்டத்தான். மிஷின் பாய் எழுதின சீட்டுல என்ன இருக்குது, படி."

"எனக்கு எங்கீங்க படிக்கத் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அங்கப்பன் படிச்சான். மாவு மூணு வள்ளம்னு இருக்குதாம். நான் அளந்தா ரெண்டரைதான் நிக்குது. அரை வள்ளம் எங்க போச்சு, பாவாயி?"

 துடுப்பிலிருந்து சூடான களி பாவாயியின் கால் விரலில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை.

மாரமங்கலத்தில் அப்போது மாவு மிஷின் கிடையாது. ராகியோ சாமையோ, அரைக்க வேண்டுமென்றால் பஸ் ஏறி ஏற்காட்டுக்குத்தான் போக வேண்டும். காப்பி பறிக்கிற காலத்தில் எந்தப் பெண்ணுக்கும் அதற்கு நேரமில்லை. எஸ்டேட் வேலையை ஒரு நாள் விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் நாலைந்து வீட்டுத் தானியத்தை ஒன்றாகக் கட்டிக்கொண்டு புதன்கிழமை தோறும் பாவாயி போவாள். சாயங்கால பஸ்ஸில் மாவோடு திரும்புவாள். பை ராத்திரி அவள் வீட்டில் இருக்கும். வியாழன் காலையில் அவரவர் வந்து எடுத்துப் போவார்கள். போகிறபோது பைக்கு ஒரு கொட்டாங்கச்சி மாவை அவள் முறத்தில் போடுவார்கள். அதுதான் அவள் கூலி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் மிளகு பறித்து மூட்டை தைக்கிற வேலையிலிருந்த அவள் புருஷன் ஐயாக்கண்ணு, பறிக்கும்போது சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு எரிவது இந்தக் கொட்டாங்கச்சி மாவில்தான்.

"போன வாரம் கண்ணாயி ஊட்டுலயும் குறைஞ்சிருக்குது. அதுக்கு முந்தின வாரம் மீனாட்சி ஊட்டுல. அவுங்க நொம்ப நல்லவுங்க, வாயைத் திறக்கல. நான் அப்பிடி இல்ல" என்றாள் வெள்ளையம்மாள்.

"அக்கா, பைய நான் தொறக்கவே இல்லீங்க."

"அப்ப பைக்குள்ள இருந்து மாவு தானா எந்திரிச்சு நடந்து போச்சா?"

அங்கப்பன் மப்ளருக்குள்ளிருந்து சிரித்தான். "ஜீப்புல போட்டா ஒண்ணும் குறையாது. நேரா மிஷின்ல ஏத்தி நேரா ஊட்டுல எறக்குவேன்." அவன் ஜீப் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏற்றுவதற்குத்தான் ஆளும் சரக்கும் போதவில்லை.

"வர்ற வியாழன் எல்லாரும் கோயில் முன்னாடி அளப்போம். அப்பவும் குறைஞ்சுதுன்னா நீ மாரியம்மனுக்கு முன்னாடி கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணணும். இல்லீன்னா இனிமே தானியத்தைத் தம்பி எடுத்துட்டுப் போவான்." வள்ளத்தைப் பொறுக்கிக்கொண்டு வெள்ளையம்மாள் போய்விட்டாள்.

வீட்டுக்குள் ஐயாக்கண்ணு சாக்கில் உட்கார்ந்து, பழுத்த மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தான். எல்லாமே அவன் காதில் விழுந்திருந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை.

"கேட்டீங்களா?"

"ம்."

"மூணு வள்ளம்னு பாய் எழுதறாரு. இங்க ரெண்டரை. நடுவுல நான் ஒருத்திதானுங்க இருக்கறேன்."

அவன் ஒரு கொத்தை உதிர்த்து முடித்துவிட்டுக் கேட்டான். "ராசாத்தி புதன்கெழமை வந்தாளா?"

"வந்தா. பஸ் ஸ்டாண்டுலதான் நின்னுட்டிருந்தா. பையனுக்குச் சளி. ஏனுங்க, இப்ப அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல."

ராசாத்தி அவர்கள் மகள். கரடியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பாதி நாள் வேலைக்குப் போக மாட்டான். புதன்கிழமைகளில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள். பாவாயி தன் முறத்து மாவில் ஒரு சிறு பையைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். இது ஐயாக்கண்ணுக்குத் தெரிந்த விஷயம்தான்.

அன்று பகல் முழுக்க பாவாயி யோசித்தாள். பையில் ஓட்டை இருக்குமோ என்று நாலு வீட்டுப் பைகளையும் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. பஸ்ஸில் கண் அசந்துவிட்டேனோ? கண்டக்டர் அண்ணாதுரை அப்படிப்பட்ட ஆளில்லை. அவனுக்கு மாவு எதற்கு, கடையில் பரோட்டா தின்கிறவனுக்கு? எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் ஒருத்திதான் மிஞ்சினாள். அது அவளேதான்.

அடுத்த புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினாள்.

அப்துல் காதரின் மிஷின் கடை தெருவுக்கே கேட்கும். அரைக்கிற கல் ஒரு மூலையில் உறுமும். அதற்குப் பக்கத்தில் நாலு மாதமாகப் புதிதாக ஒன்று நின்றது. கோயமுத்தூரிலிருந்து லாரியில் வந்த சலிக்கிற மிஷின். ஆள் உயர மரப்பெட்டி. உள்ளே ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று சல்லடைகள். பெல்ட்டை மாட்டினால் பெட்டி முழுதும் இடமும் வலமும் ஆடும். பக்கத்தில் மூன்று வாய்கள், வாய்க்கு ஒன்றாகத் துணிக் குழாய்கள். ஒன்றில் தவிடு வரும், ஒன்றில் குருணை, கடைசிக் குழாயில் நைஸ் மாவு. வெந்நீரில் கரைத்தால் கட்டியே தட்டாது. எஸ்டேட் துரைமார் வீட்டு ஆயாக்கள்கூட இதற்காக வரிசையில் நின்றார்கள்.

"பாய், சீட்டுல தப்பா எழுதிட்டீங்களா?" பாவாயி சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

அப்துல் காதர் பெல்ட்டைத் தள்ளிவிட்டார். பெட்டி ஆடி ஆடி நின்றது. அவர் இமையில்கூட மாவு. "என்னம்மா சொல்றே?"

சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பாவாயி, இந்த மிஷினு வந்த பொறவு தவிடு தனியாப் போவுது, குருணை தனியாப் போவுது. மாவு குறைஞ்சுதுன்னு ஒருத்தரும் நம்மள ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னுதான் அளந்து சீட்டு எழுதிக் கட்டுறேன். முன்னெல்லாம் எழுதினனா? அந்தச் சீட்டே உன்னை மாட்டிவிடுதுங்கறியே."

"நீங்க தப்புப் பண்ணுவீங்கன்னு சொல்லலீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. அதான்."

"இன்னைக்கு உன் கண்ணு முன்னாடியே அளக்குறேன், பாரு."

ராகி அரைபட்டுப் பெட்டிக்குள் போயிற்று. துணிக் குழாயிலிருந்து மாவு இறங்கியது. விழுந்தது என்று சொல்ல முடியாது. காலைப் பனி பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியது. அப்துல் காதர் வள்ளத்தைக் குழாய்க்குக் கீழே பிடித்தார். நிறைந்ததும் ஒரு மரச்சட்டத்தால் நோகாமல் மேலே வழித்தார். பைக்குள் கவிழ்த்தார். ஒண்ணு. ரெண்டு. மூணு.

பாவாயி விரல் மடக்கி எண்ணினாள். நாலு வீட்டுப் பையும் மூன்று மூன்று வள்ளம். சந்தேகமே இல்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி ஷஹீதா சிவப்பு நூலும் கோணூசியும் எடுத்து வந்தாள். "இந்தா பாவாயி, பை வாயை நானே தைச்சு விடுறேன். நடுவுல யாரு பிரிச்சாலும் தெரிஞ்சு போயிரும்." பையின் வாயை மடித்து, தலையணைக்குப் போடுவதுபோலச் சின்னச் சின்னத் தையலாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தைத்தாள். "தைரியமாப் போ. அல்லா இருக்கான், உங்க மாரியாத்தாளும் இருக்கா. ரெண்டு பேரு பாத்துட்டிருக்கும்போது எவன் எடுப்பான்?"

அந்த வாரம் ராசாத்தியைப் பார்க்கக்கூட பாவாயி பைகளை விட்டு நகரவில்லை. மகள்தான் பஸ் ஜன்னலுக்கு வந்து தன் சிறு பையை வாங்கிக்கொண்டாள். பஸ் கிளம்பியதும் பாவாயி ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டாள், மற்ற மூன்றின் மேலும் காலைப் போட்டுக்கொண்டாள்.

"என்ன பாவாயி, தங்கமா கொண்டு போறே?" என்றான் அண்ணாதுரை.

"அதைவிட மேலுங்க. என் பேரைக் கொண்டு போறேன்."

வளைவுக்கு வளைவு பஸ் குலுங்கியது. பைகளும் குலுங்கின. அவள் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை மூடவில்லை.

வீட்டில் இறக்கியதும் நாலு பைகளையும் சுவரோரம் நிறுத்திவிட்டு அவளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தையல் அப்படியே இருந்தது. "பாத்துக்குங்க. ஊத்துக்குப் போயித் தண்ணி எடுத்துட்டு, ரெண்டு சுள்ளி பொறுக்கிட்டு வந்தர்றேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள். ஐயாக்கண்ணு தலையை ஆட்டினான்.

மறுநாள் காலை கோயில் முன்னால் இருபது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள்.  பாவாயி ஒவ்வொரு பையின் வாயிலும் நடுத் தையலை மட்டும் அரிவாளால் அறுத்தாள். பையின் இரண்டு மூலைகளும் முயல் காதுபோல நூல் சுற்றி நீட்டிக்கொண்டிருந்தன. அவள் இருந்த நிலையில் அதை எங்கே கவனித்தாள்?

வெள்ளையம்மாள்தான் அளந்தாள். அந்த ஊரில் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. வள்ளத்தை நிரப்பி, மூன்று தரம் தரையில் 'தொம் தொம் தொம்' என்று குத்தி, மறுபடி நிரப்பி, அப்புறம்தான் வழிப்பார்கள். ராகியானாலும் சரி, அவரைக் கொட்டையானாலும் சரி, குத்தாமல் அளந்தது அளவே இல்லை.

கண்ணாயி பை மூன்று வள்ளம். மீனாட்சி பை மூன்று. மூன்றாவது பையும் மூன்று. பாவாயிக்கு மூச்சு வந்தது. கடைசியாக வெள்ளையம்மாளின் பை. மூன்று வள்ளம் அளந்த பிறகும் பையில் மாவு இருந்தது. அளந்தாள். அரை வள்ளம் கூடுதல்.



"பாத்துக்குங்க" என்றாள் வெள்ளையம்மாள், சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "எல்லாரும் அளப்போம்னு சொன்னதும் சரியா வந்துருச்சு. போன வாரம் எனக்குக் குறைஞ்சது அரை வள்ளம், இன்னைக்குக் கூட வந்தது அரை வள்ளம். எடுத்தவ பயந்துட்டுத் திருப்பிப் போட்டிருக்கறா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அக்கா, பாய் ஊட்டம்மாவே தைச்ச பையிங்க அது. நான் எப்பிடிங்க உள்ள போடுவேன்?"

"எப்பிடி எடுத்தியோ அப்பிடி."

குறைந்தால் திருடி. கூடினாலும் திருடி.  வாரம் முழுக்க பாவாயி எதை வேண்டிக்கொண்டாளோ அதுவே நடந்து, அதுவே அவளைத் தள்ளிவிட்டது. கற்பூரத்தை அணைத்து சத்தியம் செய்ய அவளுக்குப் பயமில்லை. ஆனால் என்னவென்று சத்தியம் செய்வது? மூன்று வள்ளம் மூன்றரை ஆனதை அவளே கண்ணால் பார்த்துவிட்டாளே. தனக்கே விளங்காத ஒன்றுக்கு அம்மன் முன்னால் எப்படிக் கை வைப்பாள்?

"ஞாயித்துக்கெழமை சத்தியம் பண்ணு" என்றார் ஊர்ப் பெரியவர் வெள்ளையன். "அதுவரைக்கும் யாரும் வாயை விட வேண்டாம்."

வீட்டுக்கு வந்து களி கிண்ட மாவு எடுக்க மண்பானையைத் திறந்தாள். பானையின் அடி தெரிந்தது. நேற்றுக் காலையில் பாதிக்கு மேல் இருந்த மாவு.

"ஏனுங்க, நம்ம பானை மாவு எங்கீங்க?"

"கோழிக்குக் கொஞ்சம் போட்டேன்."

"அவ்வளவையுமா?"

"எலி எதுனா தின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு ஐயாக்கண்ணு கோலை ஊன்றிக்கொண்டு வெளியே போனான்.

மூடியைத் திறந்து தின்றுவிட்டு மறுபடி மூடி வைக்கிற எலியைப் பாவாயி அதுவரை கேள்விப்பட்டதில்லை. அன்று அவளுக்கு எதையும் மேற்கொண்டு யோசிக்கத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலி பைகளை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனாள். மிஷினுக்குப் போகவில்லை. நேராகப் பின்பக்கம், ஷஹீதாவின் சமையற்கட்டுக்குப் போனாள்.

"இனிமே நான் வர மாட்டனுங்க அக்கா. பைய யாரு வந்து கேக்கறாங்களோ அவுங்ககிட்டக் குடுத்துருங்க. நூலுக்கு நொம்ப நன்றிங்க."

ஷஹீதா அவள் முகத்தைப் பார்த்தாள். "உக்காரு முதல்ல. டீ குடி." அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, தன் வீட்டுக்கு வந்த புது மாவை டின்னில் கொட்டிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள். டின் வழிய வழிய நிறைந்தது. மூட்டையில் இன்னும் மாவு இருந்தது. ஷஹீதா பேச்சை விடாமலே டின்னைத் தூக்கித் தரையில் நாலு தட்டுத் தட்டினாள்.

மாவு இறங்கியது. இரண்டு விரல் அளவு. மீதியைக் கொட்டி மூடினாள்.

டீ டம்ளர் பாவாயியின் உதட்டருகிலேயே நின்றது.

"அக்கா, இப்ப என்னங்க பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"தட்டினீங்களே."

"ஆமா, மிஷின் மாவு பஞ்சு மாதிரி இருக்கும். தட்டினாத்தானே எறங்கும், டின்னு கொள்ளும்? இதுல என்ன..." ஷஹீதாவும் நிறுத்திக்கொண்டாள். இருவரும் டின்னைப் பார்த்தார்கள்.

"பாய் தட்டறதில்லீங்க" என்றாள் பாவாயி மெல்ல. "நாங்க தட்டுவோம்."

அப்துல் காதரைக் கூப்பிட்டார்கள். அவர் வள்ளம் நிறைய மாவு பிடித்தார். பாவாயி வாங்கி, ஊர் வழக்கப்படி மூன்று குத்துக் குத்தினாள். இரண்டு விரல் இறங்கியது. இன்னொரு வள்ளம். அதுவும் இரண்டு விரல். மூன்று வள்ளத்துக்கு அரை வள்ளம் குறைகிற கணக்கு. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாணயமா இருக்கணும்னு எழுதின சீட்டும்மா அது. முன்னெல்லாம் மாவைச் சலிக்காமக் குடுத்தப்போ யாரும் அளக்கல, இப்படி இறங்கவும் இல்ல. நாளைக்கு நானே ஒரு மூட்டை எடுத்துட்டு உங்க ஊருக்கு வர்றேன்."

பாவாயி அழவில்லை. பத்து நாளாக மூடியிருந்த பனி விலகின மாதிரி இருந்தது. கிளம்ப எழுந்தவளை ஷஹீதாதான் நிறுத்தினாள். அவள் கையில் காலிப் பை ஒன்று இருந்தது.

"பாவாயி, இது என் தையல் இல்லையே."

"ஏனுங்க?"

"நூலு என்னோடதுதான். ஆனா நான் மூலைக்கு மூலை காது வைச்சுக் கட்டவே இல்ல. இது எஸ்டேட்டுல மூட்டை தைக்கிறவங்க போடுற தையல். தூக்கறதுக்குப் பிடி வேணும்னு காது விடுவாங்களே, அது. யாரோ பிரிச்சுட்டுத் திரும்பத் தைச்சிருக்காங்க."

பாவாயி பையை வாங்கிப் பார்த்தாள். இரண்டு மூலைகளிலும் இரண்டு காது. இறுக்கமான இரட்டை முடிச்சு. பத்து வருஷமாக மிளகு மூட்டைகளில் அவள் பார்த்துவந்த முடிச்சு.

"தெரியலீங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பைகளைச் சுருட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கற்பூரம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. அப்துல் காதர் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று அளந்தார், வெள்ளையம்மாள் குத்தினாள். முதல் தரம் இறங்கியபோது அவள் நம்பவில்லை. "உங்க வள்ளத்துல ஏதோ இருக்குது பாய்" என்று சொல்லித் தன் வள்ளத்தைக் கொண்டுவந்தாள். அதிலும் இரண்டு விரல் இறங்கியது. பெரியவர் வெள்ளையனும் ஒரு தரம் குத்திப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு தரம் குத்திப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கண்ணாயி பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறைஞ்சது சரி" என்றாள் வெள்ளையம்மாள். முகம் இன்னும் தெளியவில்லை. "வியாழக்கெழமை எல்லாருக்கும் எப்பிடிச் சரியா வந்துச்சு, எனக்கு எப்பிடிக் கூட வந்துச்சு? அதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்துல் காதர் விழித்தார். பாவாயி கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள். கோலை ஊன்றிக்கொண்டு நின்ற ஐயாக்கண்ணு தரையைப் பார்த்தான்.

"புது மிஷினுங்க அக்கா. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி கொட்டுது" என்றாள் பாவாயி. "கூட வந்ததை நீங்களே வெச்சுக்குங்க."

"நான் எதுக்கு வெச்சுக்கறேன்? புதன்கெழமை எங்க ஊட்டு ராகியையும் எடுத்துட்டுப் போ" என்றாள் வெள்ளையம்மாள். அங்கப்பன் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டே நழுவினான்.

வீட்டில் ஐயாக்கண்ணு சாக்கில் வந்து உட்கார்ந்தான். உதிர்க்க மிளகு இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். பாவாயி காலிப் பையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். இரண்டு காதும் மேலே பார்த்தபடி கிடந்தன.

"நாலு பைக்கும் நீங்கதான போட்டீங்க? நம்ம பானை மாவை."

அவன் காதுகளில் ஒன்றை விரலால் தடவினான். "அரை அரை வள்ளம். குத்தித்தான் அளந்தேன். வெள்ளையம்மாளுக்கு வாய் நீளம்னு இன்னொரு அரை."

"நான் எடுத்தேன்னு நெனச்சீங்களா?"

அவன் பையைத் திருப்பி அடுத்த காதைப் பிடித்தான்.

"ராசாத்திக்குக் குடுக்கறதுக்காக நான் ஊரான் மாவை எடுக்கறேன்னு, இருபத்தி மூணு வருசம் கூட இருந்த நீங்க நெனச்சீங்களா?"

"உன்னை விட்டுக் குடுக்கலியே பாவாயி. உன் பேரு கெடக் கூடாதுன்னுதான்..."

"போட்டீங்க. சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ஊரெல்லாம் கேட்டுச்சு. நீங்க ஒருத்தருதான் கேக்கல. ஏன் கேக்கல?"

ஐயாக்கண்ணு அந்த முடிச்சை நகத்தால் நெருடினான்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிப்புட்டீன்னா நான் என்ன பண்றதுன்னுதான் கேக்கல."